வடிகட்டிக்கு இடமில்லாத எஞ்சின்

1918 வசந்தகாலத்தில் ஜெர்மானிய வான்படையின் முன்னணிப் பிரிவுகளுக்குச் சீமென்ஸ்-ஷுக்கெர்ட் டி.3 என்னும் புதிய போர்விமானங்கள் வந்துசேர்ந்தன. அவற்றின் ஏறுவேகத்தை விமானிகள் பெரிதும் விரும்பினர். ஆனால், 7 முதல் 10 மணிநேரம் பறந்த அளவிலேயே எஞ்சின்கள் அளவுமீறிச் சூடேறின. பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் இறுகி நின்றன. மே மாதத்திலேயே விமானங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பின. பழுதின் காரணம் எண்ணெயில் இருந்ததாகப் பின்னர் கண்டறியப்பட்டது. ஆமணக்கெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது அதற்கு மாற்றாக 'வோல்ட்டால்' என்னும் கனிம எண்ணெய்க் கலவை பயன்படுத்தப்பட்டிருந்தது.

எண்ணெயை மாற்றியதற்கு ஓர் எஞ்சின் இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா? எண்ணெய் செல்லும் வழியைச் சற்றே திருத்தி, வெளியேறுவதைச் சேகரித்து, வடிகட்டி, குளிரவைத்து மீண்டும் உள்ளே செலுத்தியிருக்கலாமே என்று இன்றைய பொறியியல் மாணவர் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால், அந்த எஞ்சினின் பிறவி அமைப்பே அதற்கு இடம் தரவில்லை.

இங்கே பேசப்படுவது, மாஸ்டா கார்களால் பெயர்பெற்ற வான்கெல் வகைச் சுழல் எஞ்சின் அன்று. பிரான்சின் செகாங் சகோதரர்கள் உருவாக்கிய 'நோம்' எஞ்சினின் வழிவந்த வகை இது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிலையாக நிற்க, கிராங்க் தண்டு சுழலும். இதில் தண்டு விமானத்தின் உடலோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். கிராங்க் பெட்டியும் அதைச் சுற்றியுள்ள சிலிண்டர்களும் புரோப்பெல்லரோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 முறை சுழலும். சுழற்சியே காற்றை வாங்கிச் சிலிண்டர்களைக் குளிர்வித்தது. தண்ணீர்த் தொட்டியும் ரேடியேட்டரும் தேவைப்படாததால் எடை குறைந்தது. 1909இல் வேறெந்த எஞ்சினும் இந்த எடையில் இத்தகைய ஆற்றலைத் தருவது அரிதாக இருந்தது.

அந்த ஆதாயத்துக்கு ஈடாக எண்ணெயை இழக்க வேண்டியிருந்தது. பம்பு ஒன்று எண்ணெயை உள்ளீடற்ற கிராங்க் தண்டின் வழியே தாங்கிகளுக்கு அனுப்பும். அங்கிருந்து மையவிலக்கு விசை அதைச் சிலிண்டர்களை நோக்கி வீசும். பிஸ்டனை நனைத்தபின் எரிந்தும் எரியாமலும் புகைப்போக்கு வால்வின் வழியே அது வெளியேறிவிடும். நிலையான எஞ்சினில் பயன்பட்ட எண்ணெய் அடிக்கலத்தில் வந்து தங்கும். அங்கிருந்து அதை உறிஞ்சி வடிகட்டலாம். சுழலும் பெட்டிக்குள் கீழ் என்று ஒரு திசையே இல்லை. ஆகவே அடிக்கலமும் இல்லை, திரும்பும் குழாயும் இல்லை. தொட்டிக்கும் பம்புக்கும் இடையே தூசியைத் தடுக்க ஒரு கம்பிவலைச் சல்லடை வைக்கலாம்; அதற்குமேல் வடிகட்டிக்கு வேலை கிடையாது. 130 குதிரைத்திறன் கொண்ட கிளெர்ஜே எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 9 லிட்டர் எண்ணெயை இவ்வாறு காற்றில் கரைத்தது. எண்ணெய் ஓடுகிறதா என்பதை விமானி தம் இருக்கைக்கு முன்னிருந்த சிறு கண்ணாடிக் குமிழில் அதன் துடிப்பைப் பார்த்தே அறிந்தார்.

நோம், லெ ரோன் போன்ற எஞ்சின்களில் பெட்ரோல் கலந்த காற்றும் அதே கிராங்க் பெட்டியின் வழியேதான் சென்றது. கனிம எண்ணெயானால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். ஆமணக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியால் அது பெட்ரோலில் எளிதில் கரைவதில்லை, உலோகப் பரப்பையும் பற்றிக்கொள்கிறது. நம் வீடுகளில் விளக்கெரிக்கவும் பேதிக்குக் கொடுக்கவும் பயன்பட்ட அதே விளக்கெண்ணெய்தான் இது. முகத்தில் தெறித்த எண்ணெயை விழுங்கிய விமானிகளுக்கும் வயிறு இளகியதாகச் சொல்லப்படும் கதைகள் பல; சில சற்று மிகைப்பட்டவை.

ஆமணக்கு வித்தை உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளில் இந்தியா முதன்மையானது. கடல்வழி பிரிட்டன் கையில் இருந்ததால் அந்த வித்து நேச நாடுகளுக்குச் சென்றது. அமெரிக்கா போரில் இறங்கியபின், வாங்கும் எண்ணெய் போதாதெனக் கருதி, ஏறத்தாழ 1,00,000 ஏக்கரில் ஆமணக்கு பயிரிட ஏற்பாடு செய்தது. கடல் முற்றுகைக்குள் சிக்கிய ஜெர்மனிக்கு அந்த வழியும் இல்லை. வான்போரின் வரலாறு வீரர்களின் பெயர்களால் எழுதப்படுகிறது. புன்செய் நிலத்து ஆமணக்குச் செடிக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

டி.3இன் எஞ்சின் இக்குறையை மேலும் வெளிப்படுத்தியது. அதில் கிராங்க் தண்டு ஒரு திசையிலும் சிலிண்டர்கள் எதிர்த்திசையிலும் தலா 900 முறை சுழன்றன. பிஸ்டனுக்கு அது 1,800 சுழற்சிக்குச் சமம். ஆனால் குளிர்விக்கும் காற்றை வாங்கிய சிலிண்டர்களின் வேகம் 900தான். வெப்பம் கூடிய அந்த இடத்தில் தாழ்ந்த எண்ணெய் தாங்கவில்லை. எண்ணெயை மாற்ற வழியில்லாத பொறியாளர்கள் எஞ்சினைச் செப்பனிட்டனர். முன்புற உறையின் கீழ்ப்பகுதியை வெட்டித் திறந்து காற்றுக்கு வழிவிட்டனர். திருத்தப்பட்ட விமானங்கள் மீண்டும் களம் கண்டபோது போர் முடிவை நெருங்கியிருந்தது.

போருக்குப்பின் வந்த பிரிஸ்டல் ஜூபிடர் போன்ற எஞ்சின்களிலும் சிலிண்டர்கள் வட்டமாகவே அமைந்தன. ஆனால் அவை சுழலவில்லை. பெட்டி நிலைத்து நின்றதும் எண்ணெய் வடிந்து சேர ஓர் அடிப்பகுதி கிடைத்தது. அதை உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்ப ஒரு பம்பும், வழியில் வடிகட்டியும் வந்தன.