கோலக் கெடாவில் பிறந்த ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயர்: 'லைட்' என்னும் பெயரின் இடப்பெயர்வு வரலாறு

கெடா மாநிலத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கடாரத்தில் தொடங்குவது மரபாகிவிட்டது. பட்டினப்பாலை சுட்டும் காழகத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கண்டதும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கியதும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களும் முதல் இயலில் இடம்பெறும். அடுத்த இயலைப் புரட்டினால் இரப்பர்த் தோட்டம் வந்துவிடும். இடையே கடந்த ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகள் பெரும்பாலான நூல்களில் ஒரு பத்தியாகச் சுருங்கிப் போகின்றன. அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை, ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் வழியே நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. அப்பெயர் 'லைட்' என்பதாகும். பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை 1786இல் நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் பெயர் அது.

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் தஞ்சோங் டாவாயிலிருந்து பார்த்தால் இவ்வரலாற்றின் நிலவியல் எளிதில் விளங்கும். வடக்கே, அதே கரையில், கோலக் கெடா. தெற்கே மூடா ஆற்றின் முகத்துவாரம். அதற்கும் தெற்கே பினாங்குத் தீவு. 1800ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மூடா ஆற்றுக்குத் தெற்கிலுள்ள கரையோர நிலம் கம்பெனிக்குச் சென்றது. ஆற்றுக்கு வடக்கே இருந்த தஞ்சோங் டாவாய் சுல்தானின் ஆட்சியிலேயே நின்றது. நாம் ஆராயும் பெயர் இக்கடற்கரையில்தான் ஒரு தலைமுறையைக் கடந்தது.

பெயரின் பொருள்

'லைட்' என்றதும் நம் மாணவர்க்கு விளக்கே நினைவுக்கு வரும். பெயராய்வாளர் தரும் விளக்கம் வேறு. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய மூன்று அடைமொழிகள் இப்பெயரில் கலந்துள்ளன. மலர்ந்த முகமுடையவன் என்பது ஒன்று. கனமற்றவன், சுறுசுறுப்பானவன் என்பது மற்றொன்று. சிறிய உருவினன் என்பது மூன்றாவது. சின்னான், குட்டையன், வெள்ளையன் என ஊரார் இட்ட பெயர்களைப் போன்றே இதுவும் ஒருவரைப் பார்த்து மற்றவர் இட்ட பட்டப்பெயர். வேறுபாடு ஒன்றுண்டு. நம்மிடையே அத்தகைய பெயர் அவரோடு முடிந்தது. இங்கிலாந்தில் அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது.

இவ்வாறு இறங்கியதற்கு எழுத்தரின் பங்கு பெரிது. 1066க்குப் பின் நார்மானியப் பிரபுக்களிடையே தொடங்கிய பரம்பரைப் பெயர் வழக்கு, 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றைச் சென்றடைந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இம்மாற்றத்தின் முக்கியச் சான்றுகளாகும். 1538 முதல் ஒவ்வொரு பங்குக் கோயிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்தாக வேண்டும் என்ற ஆணை வந்தபின் பெயர்கள் ஏட்டில் உறைந்தன. தோட்டத்துச் 'செக்ரோல்' ஏட்டில் கிராணி எழுதியதே சட்டப்படியான பெயராகி, முனியாண்டி ஒருவர் ஆயுள் முழுவதும் வேறோர் எழுத்துக்கூட்டலில் வாழ்ந்ததை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

தாய்வழி வந்த தந்தைப்பெயர்

பிரான்சிஸ் லைட் 1740 டிசம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்து டாலிங்கூ என்னும் சிற்றூரில் திருமுழுக்குப் பெற்றார். அவர் தாயின் பெயர் மேரி லைட். தந்தை எனக் கருதப்படுபவர் வில்லியம் நெகஸ் என்னும் நிலக்கிழார். மணவினைக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடும்பப்பெயரே அக்காலத்து வழக்கு. ஆகவே, பினாங்குத் தெருவிலும் வரலாற்றுப் பாடநூலிலும் ஆண்வழிப் பெயராகத் தோன்றும் 'லைட்', உண்மையில் ஒரு சிற்றூர்ப் பெண்ணிடமிருந்து வந்ததாகும். இது சிறு செய்தியன்று. குடும்பப்பெயர் வரலாறு தந்தையர் வரலாறே என்னும் எடுகோள் முதற்படியிலேயே தளர்ந்துவிடுகின்றது.

கடற்படையில் பணியாற்றியபின் 1765இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய லைட், சென்னையிலிருந்த ஜோர்டெய்ன், சல்லிவன், டி சூசா வணிக நிறுவனத்தின் சார்பில் அச்சேக்கும் கெடாவுக்கும் வந்தார். அவ்வகையில் 'லைட்' என்னும் பெயர் கெடாவுக்குள் நுழைந்தது சோழமண்டலக் கரையிலிருந்தேயாகும். 1771இல் சிலாங்கூரின் பூகிஸ் படையினரை எதிர்க்க உதவி நாடிய சுல்தான் முகமது ஜிவா, அதற்கு ஈடாகக் கோலக் கெடாத் துறைமுகத்தில் உரிமை தர முன்வந்தார். கம்பெனி படையுதவிக்கு உடன்படவில்லை. பேச்சு 1772இல் முறிந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் சுல்தான் அப்துல்லா முகரம் ஷாவுடன் நடந்த பேச்சிலும் அதே படையுதவிதான் மையம். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் தீவில் கொடியேறியது. கேட்ட உதவி வரவில்லை. சுல்தான் தீவை மீட்கப் பிறையில் திரட்டிய படை 1791இல் முறியடிக்கப்பட்டபின், ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்ற ஏற்பாட்டில் விவகாரம் முடிக்கப்பட்டது. லைட்டை நிறுவனர் என்று மட்டும் கூறி நிறுத்துவது கெடாவின் பக்கத்திலிருந்து பார்ப்போர்க்கு அரைகுறை வரலாறாகவே படும். அக்கருத்தே எனக்கும் உடன்பாடு.

மார்ட்டினா ரோசெல்ஸ்

1772 முதல் லைட்டோடு வாழ்ந்தவர் மார்ட்டினா ரோசெல்ஸ். கத்தோலிக்க ஐரேசியக் குடும்பத்தினர். இவர் கெடா அரசகுமாரி என்றும், சுல்தான் தீவைச் சீதனமாகத் தந்தார் என்றும் வழங்கும் கதை கேட்க இனிமையானது, வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. தீவு எப்படிக் கைமாறியது என்பதைக் கடிதங்களே தெளிவாகக் காட்டுகின்றன. சீதனக் கதைக்கு ஒரு பயன் மட்டும் உண்டு: நிறைவேறாத வாக்குறுதியை அது மறைத்துவிடுகின்றது.

இவர்களுடைய மகன் வில்லியம் 1786 ஏப்ரலில் கோலக் கெடாவில் பிறந்தார். பினாங்கில் கொடியேறுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் முன்பாகும். சஃபோக்கின் தேவாலய ஏட்டில் தாய்வழி வந்த பெயர், கெடாக் கரையில் தந்தைவழிப் பெயராக மாறியது இப்பிறப்பில்தான். மேரியின் பெயர் நிலைத்தது. மார்ட்டினாவின் பெயர் அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. இரு பெண்களும் தேவாலயத் திருமணம் என்னும் பாதுகாப்பின்றி வாழ்ந்தவர்களே. ஆயினும் தந்தை பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட இடத்தில் தாயின் பெயர் மறைந்தது.

1794 அக்டோபர் 21ஆம் நாள் லைட் காய்ச்சலால் இறந்தார். தம் உயிலில் அவர் மார்ட்டினாவை 1772 முதல் தம்முடன் வாழ்ந்தவர் என்றே குறித்தார். மனைவி என்ற சொல்லை ஆளவில்லை. சஃபோக் இல்லமும் நிலங்களும் அவருக்கு எழுதப்பட்டிருந்தும், அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்காட், வில்லியம் ஃபேர்லி ஆகிய வணிகரிடம் இருந்தது. சொத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. மார்ட்டினா வழக்காட நேர்ந்தது. பின்னர் அவர் ஜான் டிம்மர் என்பவரை மணந்தார்; அவருடைய பெயர் மேலும் ஒருமுறை மாறியது. பினாங்கில் லைட்டுக்குத் தெரு இருக்கின்றது, சிலை இருக்கின்றது. அச்சிலையைப் பற்றி ஒரு செய்தி: பிரான்சிஸ் லைட்டின் உருவப்படம் ஏதும் எஞ்சாததால், 1936இல் நிறுவிய அச்சிலைக்கு மகன் வில்லியத்தின் முகச்சாயலையே மாதிரியாகக் கொண்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்பது மார்ட்டினாவின் மகனுடைய முகம்.

மரைக்காயரும் மெரிக்கனும்

அதே காலத்தில், அதே கடல்வழியில், எதிர்மாறான மாற்றத்துக்குள்ளான தமிழ்ப்பெயர் ஒன்றை இங்கு ஒப்பு நோக்க வேண்டும். பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் பினாங்கில் கடை நடத்தியும் கூலிவேலை செய்தும் வாழ்ந்தனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து பொருளீட்டித் திரும்பினர் என்றும் காண்கிறோம். இவர்கள் பினாங்கில் திடீரென முளைத்தவர்களல்லர். 1670களில் இப்பகுதியில் வணிகம் செய்த தாமஸ் பௌரி, கெடாவில் சூலியரின் செல்வாக்கை முன்னரே பதிவுசெய்துள்ளார். தீவு திறக்கப்பட்டதும் கெடாவின் பழைய தமிழ் வணிகம் தெற்கே சற்று நகர்ந்தது என்பதே பொருந்தும். தோட்டத்துக்கு முற்பட்ட தமிழர் வரலாற்றை இங்குதான் தேட வேண்டும்.

சூலியர் தலைவராக இருந்த காதர் முகைதீன், 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தோற்றுவித்தவர். மரைக்காயர் மரபினர். மரக்கலத்தோடு இயைத்து விளக்கப்படும் 'மரைக்காயர்' என்பது தமிழகக் கரையில் ஒரு சமூகத்தையும் தொழிலையும் குறித்தது. தனிமனிதரின் இயற்பெயரோடு சேர்ந்து வழங்கியது. கடலைக் கடந்தபின் ஒவ்வொரு துறைமுகத்தின் எழுத்தரும் அதைத் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். இலங்கையில் மரிக்கார், காரைக்காலிலும் சிங்கப்பூரிலும் மரிக்கார், மரிக்கான், பினாங்கிலும் கெடாவிலும் மெரிக்கன். இப்பெயரை உரோம எழுத்தில் மட்டும் காண்போர் ஆங்கிலப் பெயரோ என ஐயுறுவர். இன்று மெரிக்கன் குடும்பங்கள் பல மலாய்ச் சமூகத்தின் பகுதியாகிவிட்டன. தமிழ் மொழி நீங்கிற்று. தமிழ்ச்சொல் பெயரின் இறுதியில் நின்றுகொண்டிருக்கின்றது. மலாய் வழக்கின் 'பின்' முறைப்படி தந்தையின் இயற்பெயர் வந்தபின்னும், அதனையும் தாண்டி இப்பெயர் இறங்கி வருவது கவனிக்கத்தக்கது.

ஆங்கிலப் பெயரொன்றும் தமிழ்ப் பெயரொன்றும் ஒரே தீவில் குடியேறின. தமிழ்ப்பெயர் இங்கேயே தங்கி வேரூன்றியது. ஆங்கிலப்பெயர் மேலும் பயணம் செய்தது.

சாராவும் வில்லியமும்

லைட்டின் மகள் சாரா, சென்னைப் படையின் ஜேம்ஸ் வெல்ஷை மணந்து வெல்ஷ் ஆனார். தமிழாசிரியர்க்கு இப்பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரிலும் மருது சகோதரர்க்கு எதிரான போரிலும் பங்குகொண்டு, 1830இல் வெளியான தம் போர் நினைவுகளில் அவற்றை எழுதியவர். சின்ன மருதுவிடம் தாம் வளரி வீசக் கற்றதை மறவாது குறித்தவரும் அவரே. மருதுவின் மகன் துரைசாமி நாடுகடத்தப்பட்டது பினாங்குக்கு. 1818இல் பினாங்கு வந்த வெல்ஷ், காலத்துக்கு முன்னே மூப்படைந்து தளர்ந்த துரைசாமியை அங்குக் கண்டார். நாடுகடத்தப்பட்டவரைக் கண்டு எழுதியவர் அத்தீவின் குடியேற்றத்தை நிறுவியவரின் மருமகன் என்பதை நம் விடுதலைப் போர் நூல்கள் அரிதாகவே சுட்டுகின்றன. காரணம் எளியது. சாரா தம் பெயரை இழந்துவிட்டார். எனவே 'லைட்' என்று தேடுவோர்க்கு வெல்ஷ் அகப்படுவதில்லை.

வில்லியத்தை ஆறு வயதளவில் சஃபோக்கின் தெபர்டன் ஊருக்கு அனுப்பினர். கடற்படை, ஸ்பெயின் போர்க்களம், எகிப்தியக் கடற்படை எனப் பல இடம் சுற்றி, 1836இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகச் சென்று அடிலேய்ட் நகருக்கு இடம் தேர்ந்து திட்டம் வரைந்தார். 1839 அக்டோபர் 6ஆம் நாள் அங்கேயே காலமானார். அங்கு 'லைட்' மனிதரைவிட்டு மண்ணுக்கு மாறியது: லைட் ஆறு, லைட் சதுக்கம், லைட் சட்டமன்றத் தொகுதி. தாம் வளர்ந்த ஊர் நினைவாக அவர் தம் இல்லத்துக்கு இட்ட தெபர்டன் என்ற பெயர், எழுத்துச் சிறிது திரிந்து தெபார்ட்டன் எனப் புறநகராயிற்று. சஃபோக் ஊர்ப்பெயர்கூட ஆஸ்திரேலியாவில் இடம்பெற்றது. பிறந்த கோலக் கெடாவின் பெயருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

நம் ஏடுகள்

கெடாத் தோட்டத் தமிழரிடம் இவ்வகைக் குடும்பப்பெயர் இல்லை. நம் பெயர் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் தொடருக்குப் பின் தந்தையின் பெயரை ஏற்று ஒரு தலைமுறையோடு நிற்பது. இதனால் மூன்று தலைமுறைக்கு முன் செல்வது கடினம் என மாணவர் குறைப்படுவதுண்டு. அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கின்றது. எனினும் இம்முறையில் ஒரு நன்மையும் உண்டு: மணமான பெண்ணின் பெயர் மாறுவதில்லை. சாரா லைட் மறைந்ததைப் போல் நம் ஏடுகளில் ஒரு மகள் கணவன் பெயருக்குள் மறைவதில்லை. அவர் தாயாகும்போது பிள்ளையின் பெயரில் இடம்பெறாமல் போவது வேறு சிக்கல். அதற்கும் ஏட்டில் ஒரு வழி இருக்கின்றது. மலேசியப் பிறப்புச் சான்றிதழில் தாயின் விவரங்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. அதில் அவருடைய பெயர் அவர் தந்தையின் பெயரோடு நிற்கும். தந்தை, பாட்டன் என்று மட்டும் ஏறும் மாணவருக்குப் பாட்டனோடு தடம் அற்றுப்போகலாம். தாயின் பகுதியிலிருந்து தொடங்குவோர் இன்னொரு பாட்டனின் பெயரையும், அவர் வழியே இன்னொரு தோட்டத்தின் பெயரையும் பெறுவர்.