சட்டைக் காலரில் ஒரு குழாய்

எங்கள் வடகரப்பதியில் பாலை அளப்பார்கள், தேங்காயை எண்ணுவார்கள். காற்றை அளந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால் அம்மா இன்னும் சிரிக்கிறார்!

போன வாரம் சித்தப்பா மகனுடன் பேசினேன். பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்கும் பட்டறையில் வேலை. "புகையெல்லாம் வந்து செக் பண்ணிட்டாங்கண்ணா, ஒண்ணுமில்லையாம்" என்றான். "மிஷினை எங்கடா வச்சாங்க?" "கேட்டுப் பக்கம் சுவத்துல." அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு காலத்தில் பெரும்பாலும் கருவியை மூலையில் வைத்துத்தான் அளந்தார்கள். 1960-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்க் என்ற இருவர் சின்ன பம்பு ஒன்றைத் தொழிலாளி மேலேயே மாட்டி, மூக்கருகே காற்றைப் பிடித்தார்கள். மூலையில் நின்ற கருவி காட்டியதைவிட அவர் சுவாசித்தது அதிகம்! புகை கிளம்புவது அவர் கைக்குக் கீழேதானே? இன்று நானும் அப்படித்தான்: வெல்டர் இடுப்பில் பம்பு, காலரில் குழாய், ஷிப்ட் முடிந்ததும் பில்டர் ஆய்வகத்துக்கு.

பாதரசம் இன்னும் மோசம். சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும், நிறமில்லை, மணமில்லை. தூசி பில்டரில் சிக்காது, தனிக் குழாய் வேண்டும். நம் தொழிற்சாலைச் சட்டத்தின் 1987 திருத்தம் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். கணக்குப் போட்டால், ஒரே கிராம் முழுதும் ஆவியானால் 20,000 கன மீட்டர் காற்று அந்த வரம்பைத் தொடும்.

இடுக்கி மலைக்கு அந்தப் பக்கம் கொடைக்கானலில் நடந்தது நினைவிருக்கும். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் வந்த தெர்மாமீட்டர் ஆலை அது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடி கிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது. வேலையால் யார் உடம்புக்கும் கெடுதல் இல்லை என்றது நிறுவனம். முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். ஆலை மூடி 15 வருஷம்!

அன்று உள்ளே போன காற்றை இன்று யாராலும் திரும்ப அளக்க முடியாது. அளக்க வேண்டியது வேலை நடக்கும்போது.

ஊரில் உங்கள் தம்பியோ மச்சானோ இப்படி வேலை பார்த்தால், "அளந்தாங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யார் சட்டையில மாட்டி அளந்தாங்க?" என்று கேளுங்கள். நான் அவனிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.