பட்டம் துறைக்கு, சான்றிதழ் வட்டாரத்துக்கு: புரூஸ் கமிங்ஸின் விளக்கம் குறித்து ஒரு மறு ஆய்வு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வட்டாரப் பண்பாட்டு ஆய்வில் முதுநிலைச் சான்றிதழ் பெறும் மாணவர் பெரும்பாலும் வேறொரு துறையைச் சேர்ந்தவராகவே இருப்பார். வரலாற்றிலோ மானிடவியலிலோ பொருளியலிலோ அவர் பட்டம் பெறுவார். கூடவே ஒரு வட்டாரத்தின் மொழியையும், அவ்வட்டாரம் பற்றிய பிற துறைப் பாடங்கள் சிலவற்றையும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். பட்டம் துறைக்கும் சான்றிதழ் வட்டாரத்துக்குமாக நிற்கும் இப்பகுப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வட்டார ஆய்வுகளின் தோற்றத்துக்கு இன்று அதிகம் எடுத்தாளப்படும் விளக்கங்களுள் ஒன்று, கொரிய வரலாற்றை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் புரூஸ் கமிங்ஸ் 1997இல் 'புல்லட்டின் ஆஃப் கன்சர்ன்டு ஏசியன் ஸ்காலர்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை. அவர் பார்வையில், வட்டார ஆய்வு பல்கலைக்கழகத்தின் அறிவுத் தேவையிலிருந்து இயல்பாக வளர்ந்த துறையன்று. இரண்டாம் உலகப் போரின் உளவு அலுவலகமான ஓ.எஸ்.எஸ்.ஸில் அது கருக்கொண்டது. பனிப்போர் அரசும் பெரும் அறக்கட்டளைகளும் அதை வளர்த்தன. உலகம் எந்தெந்த வட்டாரங்களாகப் பிரிக்கப்பட வேண்டும், எவ்வட்டாரத்தைப் பற்றி எக்கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பனவற்றைக்கூட அந்த அதிகாரமே வரையறுத்தது.

இவ்வாதத்துக்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. அமெரிக்காவின் முதல் பெரிய வட்டார ஆய்வு மையம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, ஓ.எஸ்.எஸ்.ஸில்தான் இருந்தது என்று அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மக்ஜார்ஜ் பண்டியே 1964இல் ஒப்புக்கொண்டார். கொலம்பியாவின் ரஷ்ய ஆய்வு நிறுவனத்தை 1946இல் தொடங்கிய ஜெராய்ட் ராபின்சன், போர்க்காலத்தில் ஓ.எஸ்.எஸ்.ஸின் சோவியத் பிரிவுக்குத் தலைவர். அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திய பிலிப் மோஸ்லி வெளியுறவுத் துறையிலிருந்து வந்தவர். உளவுத் துறைக்கும் அறிஞர்களுக்கும் இடையே ஓடிய கடிதங்களைக் கமிங்ஸ் எடுத்துக்காட்டும் பக்கங்களைப் படித்த எவரும் வட்டார ஆய்வைக் கள்ளங்கபடமற்ற கல்வி முயற்சியாக இனி எழுத முடியாது. அந்த உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

எனினும் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, நிறுவனம் ஏன் அந்த வடிவத்தை எடுத்தது என்பதற்கும் விடையாகிவிடாது. கமிங்ஸ் முன்னதை நிறுவுகிறார். பின்னதும் அத்துடன் முடிந்ததாக அவரது வாசகர்கள் கொண்டுவிடுகிறார்கள். அரசின் தேவை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், வட்டாரத்துக்கென்று தனிப் பட்டமும் தனித் துறையும் எங்கும் எழுந்திருக்க வேண்டும். சோவியத் நாட்டைப் பல கோணங்களில் அறிந்த வல்லுநர் வேண்டுமென்றால், அவரை வரலாற்றுத் துறையின் விதிகளுக்குள் நிறுத்துவானேன்?

மூன்று பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டால் இச்சிக்கல் தெளிவாகும். கொலம்பியாவின் ரஷ்ய நிறுவனம் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் 2,50,000 டாலர் நல்கையுடன் எழுந்தது. ஈராண்டுப் படிப்பு, முடிவில் நிறுவனத்தின் சான்றிதழ். ஆனால் மாணவர் ஒரு துறையில் ஊன்றி நின்று, பட்டத்தை அத்துறையிலிருந்தே பெற்றார். பென்சில்வேனியாவில் நார்மன் பிரௌன் நிறுவிய தெற்காசிய வட்டார ஆய்வுத் துறையோ முழுமையான துறையாகத் தன் பெயரிலேயே முனைவர் பட்டம்வரை வழங்கியது. பிரௌனும் போர்க்காலத்தில் ஓ.எஸ்.எஸ்.ஸில் பணியாற்றியவரே. ஒரே அலுவலகத்திலிருந்து வந்த இருவர், ஓரிரு ஆண்டு இடைவெளியில், நேரெதிரான இரு வடிவங்களை உண்டாக்கினார்கள். சிகாகோவில் தெற்காசிய ஆய்வை முன்னெடுத்த ராபர்ட் ரெட்ஃபீல்டும் மில்டன் சிங்கரும் ஓ.எஸ்.எஸ். வழி வந்தவர்கள் அல்லர். அங்கே 1950களில் உருவானது துறைகளுக்கிடையிலான ஒரு குழு; அதன் ஆசிரியர்களுக்குச் சொந்தத் துறை வேறாக இருந்தது. ஓ.எஸ்.எஸ். தொடர்பு இருந்த இடத்தில் இரு வடிவம். இல்லாத இடத்தில் கொலம்பியாவை ஒத்த வடிவம். ஆகவே வடிவத்தைத் தீர்மானித்தது வேறொன்று.

அது துறைகளின் வலிமை என்பது என் கருத்து. கொலம்பியாவில் வரலாறு, பொருளியல், சட்டம் ஆகியவை நெடுங்காலம் வேரூன்றியவை. பட்டம் வழங்கும் உரிமையை அவை புதிய நிறுவனம் எதற்கும் விட்டுக்கொடுக்க வாய்ப்பில்லை. பென்சில்வேனியாவில் இந்தியாவைப் பற்றிய கல்வி சமஸ்கிருதத்தையும் கீழைத்தேய ஆய்வையும் சார்ந்திருந்தது. சமூக அறிவியல் துறைகளில் இந்தியாவை அறிந்தவர் அரிது. எதிர்த்து உரிமை கோர ஆளில்லாத இடத்தில் தனித் துறை எழுந்தது. இதை நேரடியாகச் சொல்லும் ஆவணம் எதையும் நான் சான்றாக வைக்கவில்லை, ஒப்பீட்டிலிருந்தே ஊகிக்கிறேன். ஆனால் ராபர்ட் ஹால் 1947இல் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்துக்கு எழுதிய அறிக்கை முதல், ஜூலியன் ஸ்டூவர்ட் 1950இல் எழுதிய நூல் வரை, வட்டாரத்துக்கும் துறைக்கும் உள்ள உறவே ஓயாத கவலையாக இருந்தது. உளவுத் தேவை அக்கவலையை விளக்காது. துறைப் போட்டி விளக்கும்.

இப்போது 1958இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்துக்கு வருவோம். கமிங்ஸின் பார்வைக்குப் பெயரிலேயே சான்று தருவது போன்ற சட்டம் இது. சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டு ஓராண்டு நிறையுமுன் கையெழுத்தானது. இதன் 601ஆம் பிரிவு எத்தனையோ முறை குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதன் அமைப்பு உரிய கவனம் பெறவில்லை.

முதல் வாக்கியத்தில் வட்டாரம் என்ற பேச்சே இல்லை. கல்வி ஆணையர் நிதியளிக்கலாம் என்பது நவீன அயல்மொழி ஒன்றைக் கற்பிக்கும் மையங்களுக்கு. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: அம்மொழி அறிந்தவர் கூட்டாட்சி அரசுக்கோ வணிகத்துக்கோ தொழிலுக்கோ கல்விக்கோ தேவைப்பட வேண்டும், போதிய பயிற்சி நாட்டில் எளிதில் கிடைக்காததாக இருக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தில்தான் வட்டாரம் நுழைகிறது. அம்மொழி வழங்கும் பகுதிகளை முழுமையாக அறியத் தேவையான பிற பாடங்களுக்கும் நிதி தரலாம். அதுவும் அப்பாடங்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அளவுக்கு மட்டுமே. செலவில் பாதிக்கு மேல் அரசு ஏற்காது.

இங்கே மூன்று செய்திகளைக் காண்கிறேன். முதலாவது, சட்டத்தின் அடித்தளம் மொழி. வட்டாரம் அதன்மேல் சேர்க்கப்பட்டது. இரண்டாவது, மீதிப் பாதியைப் பல்கலைக்கழகமே திரட்ட வேண்டியிருந்ததால், ஏற்கெனவே துறைகளில் ஊதியம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு மையம் நடத்துவதே சிக்கன வழியாயிற்று. துறைகளை நம்பி வாழும் மையம் துறைகளோடு போட்டியிடும் பட்டத்தை வழங்குவது கடினம்; சான்றிதழுக்கு அந்தத் தடையில்லை. மூன்றாவது, பிற பாடங்களுக்கு எடுத்துக்காட்டாக ஏழு துறைகள் சுட்டப்படுகின்றன: வரலாறு, அரசியல் அறிவியல், மொழியியல், பொருளியல், சமூகவியல், புவியியல், மானிடவியல். இலக்கியமும் சமயமும் கலையும் பட்டியலில் இல்லை. பண்பாட்டை எண்ணாமல் எழுதப்பட்ட பட்டியல் இது. 'போன்ற' என்னும் பொருள்பட அது திறந்து விடப்பட்டதால், விடுபட்டவை பிறகு உள்ளே வர வழி இருந்தது.

தமிழ் இலக்கியமும் அவ்வாறு நுழைந்தது. 1959இல் இச்சட்டத்தின்கீழ் சிகாகோவில் தெற்காசிய மொழி மையம் ஒன்று அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏ.கே. ராமானுஜன் அங்கு வந்து தமிழ் கற்பித்தார். 1967இல் அவரது குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலாயிற்று. உணவு உதவிக்காக இந்தியா செலுத்திய ரூபாயைக் கொண்டு, பி.எல். 480 திட்டத்தின்கீழ் 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்குச் சென்றன. தமிழ் நூல்களும் அவற்றில் அடங்கும். அரசு எண்ணிய பயன் ஒன்று. நேர்ந்த விளைவு வேறு. சங்கப் பாடலை வாசிக்கும் வகுப்பைப் பாதுகாப்புத் தேவையின் நேர்விளைவாக விளக்க முயல்வது வரலாற்றை வளைப்பதாகும்.

காலவரிசையில் சில முடிச்சுகள் அவிழாமலே உள்ளன. பென்சில்வேனியத் துறையின் தொடக்கம் 1947 என்றும் 1948 என்றும் சொல்லப்படுகிறது. முதற்பாடங்களைக் கணக்கிடுவதா துறையாக நிறுவப்பட்டதைக் கணக்கிடுவதா என்பதால் வேறுபாடு வந்திருக்கலாம். கொலம்பியச் சான்றிதழே இவ்வடிவத்தின் முதல் எடுத்துக்காட்டு என்றும் அறுதியிடமாட்டேன். படையினருக்கு 1943 வாக்கில் பல்கலைக்கழகங்களில் நடந்த மொழி-வட்டாரக் குறும்படிப்புகளில் அதன் முன்னோடி இருந்திருக்கக்கூடும். அப்படியானால் கமிங்ஸுக்கு ஒரு புள்ளி கூடுகிறது. துறைகளின் பங்கு பற்றிய என் வாதம் அதனால் கெடவில்லை.

நிதியின் மூலத்துக்கும் நிறுவனத்தின் வடிவத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்றைக்கும் பொருட்படுத்தத் தக்கது. 601ஆம் பிரிவு அடங்கிய, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதி 1980இல் உயர்கல்விச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. இன்றைய வாசகத்தில் மொழியும் வட்டாரமும் பன்னாட்டு ஆய்வும் அருகருகே நிற்கின்றன, மொழிக்கு இருந்த முதலிடம் மறைந்துவிட்டது. 2011இல் இப்பகுதிக்கான நிதி ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைக்கப்பட்டது. துறைகளின் தோளில் நிற்கும் சான்றிதழ் அத்தகைய வெட்டைத் தாங்கும்; அதற்குத் தனி ஆசிரியரோ தனிக் கட்டடமோ வேண்டியதில்லை. மூன்று மாணவர்களே படிக்கும் மொழி வகுப்பு தாங்காது. சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கொண்டு வட்டாரக் கல்வியின் நலத்தை அளக்கும் பல்கலைக்கழகம் தவறான இடத்தில் அளக்கிறது. எந்தெந்த மொழிகள் ஆண்டுதோறும் தொடக்க நிலையிலிருந்து உயர்நிலைவரை இடைவெளியின்றிக் கற்பிக்கப்படுகின்றன என்பதே சரியான அளவு; 1958இன் சட்டமும் அங்கிருந்துதான் தொடங்கியது.