பம்பு அடித்த பறவைகள்

எங்கள் வீட்டுக்கு ஷாதோக்குகள் கறுப்பு வெள்ளையில்தான் வந்து சேர்ந்தன.

தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர் மாதம். என் பெரியப்பா மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட சொல்தா. லீவுக்குப் புதுச்சேரி வந்தவர் வழக்கமான சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஒரு வீடியோ கேசட்டையும் கொண்டுவந்தார். "கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்கியே, நீதாண்டா தம்பி இதப் பாக்கணும்" என்று என் கையில் கொடுத்தார். டெக்கில் போட்டோம். குரல் தெளிவாக வந்தது. படத்தில் மட்டும் நிறமே இல்லை. பிரான்சில் அப்போது கலரை அனுப்பிய முறை செக்காம். நம் ஊர் டெக்குக்குத் தெரிந்தது பால் முறை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணனுக்கு ஒரே வருத்தம்.

வருத்தப்பட்டிருக்க வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது. 1968-ல் பிரெஞ்சுக்காரர்கள் வீட்டிலும் இவை கறுப்பு வெள்ளையில்தான் தெரிந்தன. அங்கே கலர் ஒளிபரப்பு 1967 அக்டோபரில் இரண்டாவது சேனலில் மட்டுமே தொடங்கியிருந்தது. ஷாதோக் வந்ததோ முதல் சேனலில். கலரில் வரைந்த படத்தை நாடே கலர் இல்லாமல் பார்த்தது. தற்செயலாக நாங்களும் அப்படியே பார்த்தோம்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஷாதோக் என்பது நீண்ட கால், உருண்டை உடம்பு, ஒட்டிக்கொண்டது போல் சின்னஞ்சிறு இறக்கை உள்ள ஒரு பறவை. அதன் மூளையில் நான்கே அறைகள். ஐந்தாவதாக ஒன்றைக் கற்க வேண்டுமானால் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறக்க வேண்டும். அதன் மொழியிலும் நான்கே அசைகள்: கா, பு, ஸோ, மெ. வானத்தின் இடப்பக்கத்தில் ஷாதோக்குகளின் கிரகம். அது நினைத்தபோதெல்லாம் வடிவம் மாறும். வலப்பக்கத்தில் தொப்பி போட்ட ழிபிகளின் கிரகம். இவை புத்திசாலிகள். பிரிட்டனைக் குறிக்கும் ஜி.பி. என்ற எழுத்துகளில் இருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். இரண்டு கிரகமும் சரியாக இயங்காததால் இரு கூட்டமும் பூமிக்குக் குடிபோகப் பார்க்கின்றன. அதற்கு ராக்கெட் வேண்டும், ராக்கெட்டுக்கு எரிபொருள் வேண்டும். ஆகவே ஷாதோக்குகள் பம்பு அடிக்கின்றன. காலையில் அடிக்கின்றன, இரவில் அடிக்கின்றன, எதற்கு என்று மறந்துபோன பிறகும் அடிக்கின்றன.

இதைப் படைத்தவர் ழாக் ரூக்செல். 1931-ல் ஷெர்பூரில் பிறந்தவர். சிறுவயதில் நியூயார்க்கில் படித்ததால் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் ஊறியவர். பிறகு பாரிசில் எச்.இ.சி. என்ற பெரிய வணிகக் கல்லூரியிலும் படித்தார். நிர்வாகம் எப்படிப் பேசும் என்பதை உள்ளிருந்தே கேட்டவர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

படம் உருவான இடம் அரசுத் தொலைக்காட்சியான ஒ.எர்.தே.எஃப். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு. அதன் தலைவர் பியேர் ஷெஃபெர், ரயில் சத்தத்தை வைத்து இசை செய்தவர். அவர் பிரிவில் ழான் தெழூ என்ற பொறியாளர் குறைந்த படங்களை வரைந்து அசையும் சித்திரம் எடுக்க ஒரு இயந்திரம் அமைத்திருந்தார். அனிமோகிராஃப் என்று பெயர். தொடக்கப் பகுதிகள் அதில்தான் தயாராயின. அதில் சிறிய, எளிய படங்களே சரிப்படும். குழந்தை கிறுக்கியது போல் கோடுகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரொபேர் கோயன்-சொலாலின் விசித்திரமான ஒலிகள், நடிகர் க்ளோத் பியெப்ளுவின் குரல், இவ்வளவுதான் முதலீடு. பியெப்ளு சிரிக்கவே மாட்டார். அரசாணை வாசிப்பது போல் அவ்வளவு மரியாதையாக அபத்தத்தை வாசிப்பார்.

முதல் பகுதி ஒளிபரப்பானது 1968 ஏப்ரல் 29. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடந்தான். அந்த மூன்று நிமிடம் வீட்டுக்கு வீடு சண்டை மூட்டியது. "எங்கள் வரிப்பணத்தில் இந்தக் கிறுக்கலா?" என்று ஒரு பக்கம், "இத்தனை நாளில் பார்க்கத்தக்கது இது ஒன்றுதான்" என்று மறுபக்கம் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் அதையும் வீணாக்கவில்லை. நகைச்சுவை நடிகர் ழான் யானை உட்காரவைத்து, திட்டி வந்த கடிதங்களைப் படிக்கச் சொல்லித் தனி நிகழ்ச்சியாகவே போட்டார்கள்.

சில நாளிலேயே மே மாதம் வந்துவிட்டது. மாணவர் கலகம், வேலைநிறுத்தம், தெருவெல்லாம் கல்வீச்சு. தொலைக்காட்சி ஊழியர்களும் வேலையை நிறுத்தினார்கள், ஷாதோக்குகளும் நின்றன. அமைதி திரும்பியதும் வேலைநிறுத்தம் செய்த செய்தியாளர் பலர் வேலை இழந்தார்கள். ஆனால் பறவைகள் திரும்பி வந்தன. அரசின் கடிவாளம் செய்திப் பிரிவை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில், அதே நிலையத்தில், அறிவில்லாத தலைவர்களையும் எதையும் கேட்காமல் பம்பு அடிக்கும் குடிகளையும் காட்டிய படம் தடையில்லாமல் ஓடியது. காரணம், அது ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. பார்த்த ஒவ்வொருவரும் அது பக்கத்து மேஜைக்காரரைப் பற்றியது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சிரித்தேன். அவர்களுடைய பேராசிரியர் ஷாதோக்கோ ஒரு கணக்குப் போடுவார். ராக்கெட் கிளம்ப பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே தோற்கவேண்டிய 9,99,999 தடவையையும் சீக்கிரம் தோற்று முடிப்போம் என்று எல்லாரும் சுறுசுறுப்பாகத் தோற்பார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்து இன்னொரு கொள்கை வந்தது. பம்பு அடிப்பதால் ஒன்றும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, அடிக்காமல் விட்டு அதைவிட மோசமாக ஏதாவது நடந்துவிட்டால்? அங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் நம் தமிழில் கேட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் மாதம் தவறாமல் ஒரு காலமுறை அறிக்கை தயாரிப்பேன். மூன்று பிரதி, நடுவில் கார்பன் தாள், முழுதாக இரண்டு நாள் வேலை. ஒரு முறை அதைப் பெறவேண்டிய பிரிவுக்கு நேரில் போகவேண்டி வந்தது. அந்தப் பிரிவே இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பே வேறொன்றோடு சேர்த்துவிட்டார்களாம். என் அறிக்கைகள் கட்டுப் பிரிக்காமல் ஒரு மூலையில் கிடந்தன. திரும்பிவந்து கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "சரிதான் தம்பி, ஆனா நிறுத்திட்டு நாளைக்கு யாராவது கேட்டா என்ன பண்றது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. தொடர்ந்து அனுப்பினேன்.

அன்று இரவு கேசட்டைச் சுற்றிச் சுற்றி அந்த இடத்தையே பார்த்தேன். வீடியோவின் பெருமை இதில்தான். தொலைக்காட்சியில் மூன்று நிமிடம் வந்து போய்விடும். சிரித்துவிட்டோ, திட்டிவிட்டோ படுக்கப் போகலாம். கேசட் அப்படி விடாது. நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்கலாம். கடிதம் எழுதித் திட்டிய நாடே பிற்பாடு அதைக் கேசட்டாகவும் டிவிடியாகவும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கணக்கு வாத்தியார்கள்கூட கா, பு, ஸோ, மெ என்பதைச் சுழி, ஒன்று, இரண்டு, மூன்று என வைத்து நான்கடி எண்முறை சொல்லிக்கொடுத்தார்கள். நான்குக்கு 'பு-கா', பதினாறுக்கு 'பு-கா-கா'. பொருளற்ற வேலையை ஷாதோக் வேலை என்று சொல்லும் வழக்கமும் பேச்சில் வந்துவிட்டது.

மூன்று தொடர்கள் 1973 வரை வந்தன. நான்காவது, 2000-ல் வேறொரு சேனலில் வந்தது. மொத்தம் 208 பகுதிகள். நான்கிலும் அதே பியெப்ளுதான் குரல். ரூக்செல் 2004-ல் காலமானார், பியெப்ளு 2006-ல். அதற்குப் பிறகு அண்ணன் டிவிடி அனுப்பினார். அப்போதுதான் கலரில் பார்த்தேன். இத்தனை நிறம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. ஓய்வுபெறும் நாளில் என் மேஜைக்கு வந்த பையனிடம் பொறுப்புகளை ஒப்படைத்தேன். பட்டியலில் அந்த அறிக்கையும் இருந்தது. கார்பன் தாள் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "இது யாருக்குப் போகுது சார்?" என்று கேட்டான். கெட்டிக்காரப் பையன். பதில் என் வாய் வரைக்கும் வந்தது.

"அஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பிடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.