எண்களும் இளம் உயிர்களும்

இளைஞன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டால், பரீட்சைத் தோல்வி என்பர் சிலர். காதல் தோல்வி என்பர் வேறு சிலர். விதி என்று கூறி அமைதியடைவோரும் உளர். தனிமனிதனின் மனத்துள் மாத்திரம் காரணந்தேடும் இப்பழக்கத்தை 1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்கைம் வன்மையாக மறுத்தார். தற்கொலை வீதம் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதை எடுத்துக்காட்டிய அவர், அதனை ஒரு சமூக உண்மையாகவே ஆராய்தல் வேண்டும் என்றார்.

சமூக உண்மையாயின், அதனை மாற்றச் சமூகத்தால் இயலும். எமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1950இல் ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 6.5 ஆக இருந்த தற்கொலை வீதம் 1995இல் 47 ஆக உயர்ந்தது. மாண்டவருள் கிராமப்புற இளைஞர் பலர். நவீன விவசாயத்தோடு குடிசைகளுக்குள் புகுந்த பீடைகொல்லிகள், கணநேர மனக்கொதிப்பையும் மீளாச் சாவாக்கின. 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் அவற்றுட் கொடியவை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் வீதம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. விளைச்சல் வீழும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளரின் மதிப்பீடு.

இங்கே செயல் முந்தியது. கணக்குப் பின்னர் வந்தது. செயலுக்கு முன்னரே கணக்கிடல் கூடுமா? இவ்வினாவுக்கு விடை தேட முனைந்ததே கணினி மாதிரியமைப்பு. 1950களில் அமெரிக்க அறிஞர் ஜே பொறஸ்ரர் தொழிற்சாலைகளின் உற்பத்தி ஏற்றத்தாழ்வுகளை விளக்க வகுத்த முறையை, எமது காலத்திற் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் இளைஞரின் உளநலத்துக்குப் பயன்படுத்தினர். வேலையின்மை, தனிமை, சிகிச்சைக்கான காத்திருப்பு ஆகியன ஒன்றையொன்று பாதிக்கும் பாங்கைச் சமன்பாடுகளாக்கி, எத்திட்டம் எவ்வளவு பயன்தரும் என்று கணினியில் முற்கூட்டியே சோதித்தனர்.

கொரோனா நெருக்கடியினால் அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 750 முதல் 1,500 வரை மேலதிகத் தற்கொலைகள் நேரலாம் என 2020 மே மாதத்தில் அவர்கள் எச்சரித்தனர். ஆனால் அவ்வாண்டின் தொகை 2019ஆம் ஆண்டினதிலும் குறைவாகவே இருந்தது. கணக்குப் பொய்த்ததா? வேலையிழந்தோருக்கு அரசு பெருந்தொகை உதவி வழங்கியதும் அவ்வாண்டிலேதான். உதவி காத்திருக்கலாம்; எச்சரிக்கை மிகையாயும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், மாதிரி சோதிடமன்று. இன்ன நிலை தொடர்ந்தால் இன்னது விளையும் என்று நிபந்தனையோடு பேசுவது அது. நிலையை மாற்றுவது மனிதரின் கடன்.

மேலும், கணினிக்குள் எதனை இடுவது என்று தீர்மானிப்போரும் மனிதரே. வேலையின்மையைச் சேர்க்காத மாதிரி வேலையின்மையை ஒருபோதும் குற்றஞ்சாட்டாது. வறுமையை எண்ணாத கணக்கு, இளைஞனின் மனத்திடத்தையே குறைகூறும்.

எமது நாட்டிலும் கணக்கு முடிந்துவிடவில்லை. தற்கொலைச் சாவுகள் குறைந்த அக்காலத்திலேயே, நஞ்சருந்தி வைத்தியசாலை சேர்ந்தோர் தொகை குறையாது உயர்ந்தது. நஞ்சின் கொடுமையைத் தணித்தோம். நஞ்சை நாடவைத்த வாழ்வின் கொடுமையைத் தணித்தோமல்லோம். முன்னையதைச் சட்டத்தாற் செய்ய முடிந்தது. பின்னையது வேலையையும் கல்வியையும் மனிதத் துணையையும் வேண்டி நிற்பது. வகுப்பறையில் ஓர் இருக்கை வெறுமையாகும்போது, விதியென்று கூறி நாம் வாளாவிருத்தல் தகாது.