இது கருவியா, கிம்மிக்கா? தண்ணீருக்கடியில் கேமரா போன கதை

ஸ்கூபா டைவிங் செய்பவர்களிடம் ஒரு புது கேமரா சாமானைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்க. பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கிட்டு, "இது சும்மா கிம்மிக்"னு சொல்லிடுவாங்க. மாஸ்க்கிலேயே பதிச்ச கேமரா, லென்ஸ் மேல மாட்டுற சிவப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் கட்டுற குட்டிப் பெட்டி, எதைக் காட்டினாலும் அதே பதில்தான்.

வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு அவங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுற சாமான்களில் பலதும் முதலில் வந்தபோது விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருந்தது. அப்போ எது கருவி, எது கிம்மிக்? இதைப் பிரித்துப் பார்க்க 130 வருஷக் கதை ஒன்று இருக்கு. அதுதான் இன்னைக்கு எபிசோட்.

தண்ணீர் செய்யும் மூன்று வேலை

கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, ஒரே நிமிஷம்.

முதலாவது, அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில், கரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. இரண்டாவது, நிறம். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். 10 மீட்டர் போவதற்குள் சிவப்பு பெரும்பாலும் காலி, எல்லாம் நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். மூன்றாவது, ஒளிவிலகல். தட்டையான கண்ணாடி வழியாகப் பார்த்தால் மீன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, பக்கத்தில் இருப்பது போலத் தெரியும்.

தண்ணீருக்கடியில் கேமராவின் வரலாறு முழுக்க இந்த மூன்றோடு மனுஷன் போட்ட சண்டைதான்.

ஒரு பீப்பாயும் ஒரு விளக்கும்

1893. பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரையில் பான்யூல்ஸ் என்று ஒரு ஊர். அங்கே இருந்த கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விலங்கியலாளர் லூயி பூத்தான். கடலுக்கு அடியில் தான் பார்ப்பதை மற்றவர்களுக்கும் காட்டணும்னு அவருக்கு ஆசை. அவருடைய சகோதரர் ஓகுஸ்த் ஒரு இன்ஜினியர். தண்ணீர் புகாத பெட்டியை வடிவமைத்துக் கொடுத்தது அவர்தான். பெட்டிக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய, காற்று அடைத்த ஒரு ரப்பர் பலூனையும் அதோடு இணைத்தார்கள்.

அடுத்த பிரச்சினை வெளிச்சம். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைக்கும்கூட எக்ஸ்போஷர் தேவைப்பட்டது. மீன் அதுவரைக்கும் போஸ் கொடுக்குமா? அதனால் ஒரு பீப்பாயில் காற்றை அடைத்து, அதன் மேல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, அந்தச் சுடர் மேல் மக்னீசியம் பொடியை ஊதிப் பளிச்சென்று வெளிச்சம் வர வைத்தார்கள். யோசிச்சுப் பாருங்க, கடலுக்குள்ள பீப்பாய், பீப்பாய் மேல நெருப்பு! அன்றைக்கு ஒருத்தர் கரையில் நின்று இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஆனால் அது கிம்மிக் இல்லை. ஏன்னா அந்தப் பீப்பாய் தண்ணீர் கொடுத்த ஒரு பிரச்சினைக்கு நேராகப் பதில் சொன்னது. 1899-ல் ருமேனிய உயிரியலாளர் எமில் ராகோவிட்ஸாவைக் கடலுக்கடியில் பூத்தான் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னைக்கும் இருக்கு.

பெட்டியே வேண்டாம் என்ற கேமரா

அதற்குப் பிறகு பல வருஷம், கரையில் பயன்படும் கேமராவைக் கனமான பெட்டிக்குள் வைத்துத் தூக்கிட்டுப் போவதுதான் வழி. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் டி வூட்டர்ஸ் வேறு மாதிரி யோசித்தார். கேமரா உடம்பே பெட்டியாக இருந்தால் என்ன? ழாக் கூஸ்தோவுக்காக அவர் உருவாக்கிய அந்த கேமராவுக்கு, கூஸ்தோவின் கப்பல் பெயரையே வைத்து 'கலிப்ஸோ' என்றார்கள். 1963-ல் நிக்கான் நிறுவனம் அதை 'நிக்கோனோஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

அதன் ரகசியம் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். நம்ம வீட்டுக் குக்கர் கேஸ்கட் மாதிரிதான். குக்கரில் அழுத்தம் உள்ளிருந்து வரும், இங்கே வெளியிலிருந்து. ஒரு மணல்துகளோ ஒரு தலைமுடியோ வளையத்தில் மாட்டினால் போதும், கேமரா காலி. அதனால்தான் டைவர்கள் இன்னைக்கும் படகில் ஏறும் முன் ஓ-ரிங்கைத் துடைப்பதை ஒரு பூஜை மாதிரி செய்கிறார்கள்.

நிக்கோனோஸில் வியூஃபைண்டரில் பார்த்தால் ஃபோகஸ் தெரியாது. தூரத்தைக் குத்துமதிப்பாகத்தான் வைக்கணும். கிட்டத்தில் படம் எடுக்க லென்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிச் சட்டம் மாட்டுவார்கள். சட்டத்துக்குள் எது வருதோ அதுதான் படம். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஃபோகஸ் தப்பாது. அசையாத பவளத்துக்கு அருமை. மீனோ கம்பியைக் கண்டதும் ஓடிவிடும்!

சர்ஃபிங் சாமான் கடலுக்கடியில் போனபோது

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நிக் வுட்மன் அலைச்சறுக்கு விளையாடுபவர். அவர் ஆரம்பித்த கோப்ரோவின் முதல் ஹீரோ கேமரா 2004-ல் வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. அப்புறம் டிஜிட்டல் ஆனது, எச்டி ஆனது, டைவர்களும் வாங்கினார்கள்.

தண்ணீருக்குள் கொண்டுபோனால் வீடியோ மங்கல்! கேமரா பழுதா? இல்லை. பெட்டியின் முன்கண்ணாடி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. கரையில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீருக்குள் மட்டும் அந்த வளைவே இன்னொரு லென்ஸாக மாறிவிடும். தூரத்து மீனின் பிம்பம் கண்ணாடிக்கு மிக அருகில் விழும். ஃபோகஸை மாற்றிக்கொள்ளும் கேமராவாக இருந்தால் சமாளிக்கும். கோப்ரோவின் ஃபோகஸ் நிலையானது. அதனால் மங்கல்.

டைவர்கள் சும்மா திட்டிட்டுப் போகவில்லை. தட்டையான கண்ணாடி மாட்டிய பெட்டிகளைச் சின்னச் சின்னக் கடைகள் விற்க ஆரம்பித்தன. 2012-ல் கோப்ரோவே தட்டைக் கண்ணாடி வைத்த டைவ் பெட்டியை வெளியிட்டது. காட்சியின் அகலம் கொஞ்சம் குறைந்தது, படம் தெளிவானது. விளையாட்டுச் சாமான் கருவியானது அந்த ஒரு கண்ணாடியால்தான்.

அப்போ எப்படி எடைபோடுவது?

கேள்வி எளிது. இந்தச் சாமான் தண்ணீர் கொடுக்கும் பிரச்சினையைத் தீர்க்குதா, இல்லை கடையில் நிற்கும் நம்ம ஆசையைத் தீர்க்குதா?

சிவப்பு ஃபில்டரை எடுத்துக்குங்க. அது சிவப்பை உண்டாக்காது, நீலத்தையும் பச்சையையும் குறைக்கும். அவ்வளவுதான். வெயில் இறங்கும் நடுத்தர ஆழத்தில் நல்லா வேலை செய்யும். ரொம்ப ஆழத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தையும் தின்றுவிடும். டார்ச் அடிக்கும்போது மாட்டினால் எல்லாம் செக்கச்செவேல். பாதி கருவி, பாதி கிம்மிக்.

லென்ஸ் பக்கத்திலேயே இருக்கும் ஃபிளாஷ்? மூடுபனியில் ஹை-பீம் போட்டு வண்டி ஓட்டின மாதிரி, தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அதனால்தான் டைவர்கள் நீளமான கைகளில் விளக்கை மாட்டித் தள்ளி வைக்கிறார்கள். நண்டு மாதிரி இருக்கும், ஆனால் காரணத்தோடு இருக்கும். மாஸ்க் கேமராவில் தலை திரும்பும்போதெல்லாம் படமும் திரும்பும். அந்த வீடியோவைப் பார்ப்பவருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

உதட்டுப் பிதுக்கலுக்குப் பின்னால்

கடைசியா ஒரு விஷயம். அனுபவசாலிகளின் எரிச்சல் எல்லாம் வெறும் கர்வம் இல்லை. தண்ணீருக்குள் நம்ம கவனம் ஒரு பட்ஜெட் மாதிரி. மிதப்பைச் சமன்செய்யணும், ஆழத்தைப் பார்க்கணும், கூட வந்தவரைப் பார்க்கணும், சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்குன்னு பார்க்கணும். இதில் ஒரு புது பட்டனைச் சேர்த்தால் வேறு ஏதோ ஒன்றிலிருந்து கவனம் போகும். திரையையே பார்த்துக்கொண்டு காற்றுமானியை மறந்தவருக்கு உயிர் ஆபத்து. மிதப்பு கைவராமல் துடுப்பால் உதைத்தால், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பவளம் நொடியில் உடையும்.

அதனால், புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல் டைவுக்குக் கிளம்புறீங்களா? கேமரா வாங்குற காசை இன்னும் நாலு டைவுக்கு ஒதுக்குங்க. கையில் ஒன்றும் இல்லாமல் அசையாமல் மிதக்கக் கத்துக்கிட்ட பிறகு கேமராவைப் பத்தி யோசிக்கலாம். மிதக்கத் தெரியாதவர் கையில் எவ்வளவு நல்ல கருவியும் கிம்மிக்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே!