கண்டியிற் கூடிய சிறு மந்தை

மேய்ப்பன் இல்லாத மந்தை சிதறும் என்பது உலக வழக்கு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேய்ப்பனின்றியும் முற்றாகச் சிதறிப்போகாத ஒரு மந்தை நமது நாட்டில் இருந்தது. அதன் வரலாற்றிற் கண்டி மாநகருக்குத் தனியிடம் உண்டு.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் புதிய ஆட்சியாளரின் சபைக்கு உரியவாயின. எனினும், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவிமாரும் விசுவாசிகளைக் காத்து நின்றனர். மூப்பர் சமூகத்தை நடத்தினார். அண்ணாவியார் செபம் சொல்லிக் கொடுத்தார். வீடே கோயிலாயிற்று. பூசை இல்லை, பிரசங்கம் இல்லை. ஒருவருக்கொருவர் துணையாய்க் கூடியிருந்த கூட்டம் ஒன்றே எஞ்சியிருந்தது.

கத்தோலிக்கர் பலர் ஒல்லாந்தரின் ஆணை செல்லாத கண்டி இராச்சியத்தை நாடிச் சென்றனர். பௌத்த மன்னர் அவர்களுக்கு இடமளித்தனர். மாத்தளைக்கு வடக்கேயுள்ள வஹகோட்டை இன்றும் அந்தப் பழைய குடியிருப்பை நினைவூட்டுகிறது. ஆனால், அங்கே வேறொரு ஆபத்து இருந்தது. அடக்குமுறை இல்லை, ஆயினும், வழிநடத்துவார் இன்றிப் பலர் விசுவாச வாழ்விலே தளர்ந்து போயினர். துன்பம் மட்டுமன்று, தனிமையும் விசுவாசத்தைத் தேய்க்கும் என்பதற்கு இது சான்றன்றோ!

இந்நிலையிலேதான் யோசேவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். கோவாவில் 1651 இற் பிறந்த அவர், 1687 இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில், யோவான் என்னும் ஒரே துணைவருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். நோயினால் நலிந்து யாழ்ப்பாணம் சேர்ந்த அவர், கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே தம்மவரை அவர் அறிந்துகொண்டார். சில்லாலை அவருக்கு அடைக்கலமாயிற்று. தம்மை மறைத்து வைப்போரின் உயிர் தம்மால் ஆபத்துக்கு உள்ளாகிறது என்பதை அவர் அறிவார். அவரை ஏற்றவர்களும் அதை அறிவர்.

1692 இல் அவர் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற பழிச்சொல் அவருக்கு முன்னே அரண்மனையை எட்டியிருந்தது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறைவைத்தான். அடிகளார் சோர்ந்துவிடவில்லை. சிறையிருப்பிலே சிங்களம் கற்றார். குடிசையொன்றை எழுப்பி அதையே கோயிலாக்கினார். காவல் தளரத் தளர, சிதறிக் கிடந்தவர்கள் அக்குடிசையைச் சுற்றி மீண்டும் கூடினர். ஒற்றர் அல்லர் என்று தெளிந்த மன்னன் பின்னர் அவருக்குப் பாதுகாவலன் ஆனான்.

ஒன்றுகூடும் சமூகம் தனக்குள்ளேயே அடைபட்டுவிடலாகாது. அதற்கும் கண்டியே சோதனைக் களமாயிற்று. 1697 இற் பெரியம்மை நகரைச் சூறையாடியது. மன்னன் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரை உறவினரே காட்டிற் கைவிட்டனர். அடிகளாரும் அவருடன் இருந்த யோசேவ் கார்வால்ஹோ குருவும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசை அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். இன்ன சமயத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. செபத்திற் கற்ற உறவு தெருவிலே தொண்டாய் மலர்ந்தது.

அடிகளார் 1711 சனவரி 16 ஆம் நாள் கண்டியிலே காலமானார். 2015 சனவரி 14 இற் கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால், அவரை அடக்கம் செய்த இடம் எதுவென இன்று எவருக்கும் தெரியாது. சென்று வணங்க ஒரு கல்லறை இல்லை. அவர் சேர்த்து வைத்த சமூகமோ அழியவில்லை.

கட்டடம் இடியலாம்; குருவானவர் வராதிருக்கலாம். இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் தேடிச் செல்லும் வழக்கம் மட்டும் நின்றுவிடலாகாது. பெருங்கோயில்களும் பாதுகாப்பும் பெற்றிருக்கும் நாம், பக்கத்து வீட்டு விசுவாசியின் பெயரையாவது அறிவோமா? கண்டியின் அந்தச் சிறு மந்தை நம்மிடம் கேட்கும் கேள்வி இதுவே.